குடியேற்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு: டர்பனிலிருந்து வட ஆற்காடு வரை

ஞாயிறு, டர்பன்

கோவெண்டர், மூட்லி, நைடூ, பிள்ளே, படையாச்சி, முன்சாமி, பெருமாள். வேர்தேடும் குழுவில் வந்திருக்கும் குடும்பங்களின் பெயர்கள் இவை. எல்லாரும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள். நாளை, கப்பல் கப்பலாக வந்தவர்களைப் பதிந்த பேரேடுகளைப் பார்க்கப் போகுமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் பட்டியலில் குடும்பப் பெயர் என்ற பத்தியே கிடையாது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் வந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். இன்றைய குடும்பப் பெயர்கள் இங்கு வந்தபின் இரண்டு வழிகளில் அமைந்தவை. ஒன்று, பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனது. முனுசாமி முன்சாமி ஆனது அப்படித்தான். மற்றது, ஜாதிப் பட்டம். கவுண்டர் கோவெண்டராகவும் முதலி மூட்லியாகவும் எழுத்தரின் காதில் விழுந்தபடி பதிவாயின.

இதனால் ஒரே தகப்பனின் இரண்டு மகன்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது நேட்டாலில் சாதாரணம். மூத்தவர் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டிருப்பார், இளையவர் பட்டத்தை. பெயர் வேறு என்பதற்காக ஒரு கிளையை வெட்டிவிடக் கூடாது. அதேபோல, ஊரில் கோவெண்டர் என்று எத்தனை வீடு இருந்தாலும் பெயர் ஒன்று என்பதற்காக உறவு என்று முடிச்சுப் போடவும் கூடாது.

பெயரை நம்ப முடியாத இடத்தில் நம்பக்கூடியது குடியேற்ற எண். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தனி எண் கொடுத்தார்கள். ட்ரூரோவில் 1இல் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டி ஓடும் ஒரே வரிசை அது. எங்கள் முன்னோர் முதல் கப்பலிலேயே வந்தவர் என்று பல குடும்பங்களில் சொல்லக் கேட்கலாம். எண் 342க்குள் இருக்கிறதா என்று பார்த்தால் அந்தக் கேள்விக்கு ஒரு நொடியில் விடை கிடைத்துவிடும். 1866இலிருந்து 1874 வரை ஆள் எடுப்பது நின்றிருந்தது. ஆகவே தாத்தாவின் தகப்பனார் 1870இல் ஒப்பந்தக் கூலியாக வந்தார் என்ற குடும்பக் கதையில் ஆண்டு தவறியிருக்க வேண்டும், அல்லது அவர் மொரீஷியஸ் போன்ற வேறு வழியில் வந்திருக்க வேண்டும்.

எண் வீட்டிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சீட்டு, பழைய பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, தாத்தா காலத்து அடையாளச் சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். நேட்டாலில் பிறந்த பிள்ளைக்குத் தனி எண் இருக்காது. பதிவில் தகப்பன் எண்ணும் தாய் எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். தாய் வழியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஊர் சரியாகத் துலங்குவது பல சமயம் அந்த வழியில்தான்.

இன்று மாலை ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளை நிரப்பியது. தன்னிடமிருந்து தொடங்கி, தலைமுறைக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர் எந்த எழுத்தில் பதிவாகியிருக்கிறதோ அப்படியே, பிறந்த இடம், ஆண்டு, அதற்கு ஆதாரமான சான்று. சான்று இல்லாத வரியில் ‘வாய்மொழி’ என்று எழுதி, சொன்னவரின் உறவுமுறையையும் சேர்த்துக்கொள்கிறோம். வாய்மொழி வரி இரண்டு அடுத்தடுத்து வந்தால் அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறுவது மணலில் வீடு கட்டுவதுபோல.

திங்கள், டர்பன்

இன்று முழுவதும் கப்பல் பட்டியல். க்வாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையம் இதைக் கணினித் தரவாக வைத்திருக்கிறது. டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்திலும் தேட உதவுகிறார்கள். முதலில் தரவில் தேடி, கிடைத்த வரியை மூலப் பேரேட்டின் படத்தோடு ஒப்பிடுவதுதான் முறை. தட்டச்சு செய்தவர் கையெழுத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். 1ஐயும் 7ஐயும், 3ஐயும் 8ஐயும் குழப்பியிருப்பது அடிக்கடி நடக்கும்.

ஒரு வரியில் இருப்பவை: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் அல்லது பெண், ஜாதி, ஜில்லா, தாணா, ஊர், உடல் அடையாளம். கப்பலின் பெயரும் வந்த நாளும் சேர்ந்தே கிடைக்கும். தாணா என்பது போலீஸ் நிலைய வட்டத்தைக் குறிக்கும் கல்கத்தா நிர்வாகச் சொல். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பத்தியில் தாலுகா இருக்கும் என்று கொள்ளுங்கள். பேரேட்டில் முதலாளியின் பெயரும், பின்னால் நடந்தவையும் குறிப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம்: இறந்தார், இந்தியா திரும்பினார், வேறு தோட்டத்துக்கு மாற்றம்.

எண் கையில் இருந்தால் வேலை ஐந்து நிமிடம். இல்லாதபோதுதான் உழைப்பு. பெயரை ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்க முடியும் என்று முதலில் ஒரு தாளில் போடுங்கள். உகரம் ஒற்றை யூவாகவும் வரும், இரட்டை ஓவாகவும் வரும். இகரம் ஐயாகவும் இரட்டை ஈயாகவும் வரும். சின்னப்பன் எஸ்ஸிலும் தொடங்குவார், சிஹெச்சிலும் தொடங்குவார். குப்பன் கேயிலும் சியிலும் கிடைப்பார். ழகரம் எல்லாகவோ, சில இடங்களில் ஒய்யாகவோ மாறியிருக்கும். ஆகவே முழுப் பெயரைத் தட்டாமல் முதல் மூன்று எழுத்தைத் தட்டி நட்சத்திரக் குறி போடுங்கள். வரும் பெயர்களை உரக்க வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாதது காதுக்குப் புலப்படும். பேரேட்டை எழுதியவரும் காதால் கேட்டுத்தானே எழுதினார்.

முனுசாமி, வீராசாமி, பெருமாள், மாரியம்மா போன்ற பெயர்களுக்கு நூற்றுக்கணக்கில் வரிகள் வரும். அப்போது தகப்பன் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் வைத்து வடிகட்ட வேண்டும். இங்கே நம் பெயர்வைக்கும் வழக்கம் பெரிய துணை. தலைமகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது பெரும்பாலான வீடுகளில் நடந்தது. நேட்டாலில் பிறந்த மூத்த மகனின் பெயரும் பட்டியலில் உள்ள தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்தால் அந்த வரியை முதலில் சோதியுங்கள். இது ஆதாரம் ஆகாது, எந்த வரியில் தொடங்குவது என்பதைச் சொல்லும்.

குடும்பமாக வந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து இருக்கும். கணவன், மனைவி, பிறகு பிள்ளைகள். ஆகவே ஒரு வரியை மட்டும் நகலெடுத்துத் திரும்பாதீர்கள். முன்னால் பத்து வரி, பின்னால் பத்து வரி சேர்த்தே எடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகப் புறப்பட்டிருப்பார்கள். மோசமான கையெழுத்தில் உள்ள ஊர்ப் பெயர் இரண்டு வரி தள்ளித் தெளிவாக எழுதப்பட்டிருக்கக்கூடும்.

பெண்களின் வரியில் கூடுதல் கவனம் வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருந்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. அந்தக் கணக்கை நிரப்பும் அவசரத்தில், கப்பலேறுமுன் தங்கவைத்த முகாமான சென்னை டிப்போவில் காத்திருந்த நாட்களிலேயே ஜோடிகள் அமைந்தன. கணவனின் ஊர் செங்கல்பட்டு ஜில்லா, மனைவியின் ஊர் சேலம் ஜில்லா என்றிருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஊரும் உண்மையாக இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

வயதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் தவறும். இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்றே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பதும் உண்டு. ஊர் திரும்பியவர் மறுபடி ஒப்பந்தம் போட்டு வந்தால் புது எண் கிடைக்கும். இரண்டாவது வரியில் வயதும், சில சமயம் ஊரும் மாறியிருக்கும். அப்போது உடல் அடையாளத்தைத்தான் பார்க்க வேண்டும். இடது முழங்காலில் தழும்பு என்று இரண்டு வரியிலும் இருந்தால் அது வலுவான ஒற்றுமை.

ஜாதிப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ளதும் இன்றைய குடும்பப் பெயர் சொல்வதும் பொருந்தாத குடும்பங்கள் ஏராளம். மலபார் என்று எழுதியிருந்தால் அது தமிழர் என்ற பொருளில் எழுதப்பட்டதாகவே இருக்கலாம், ஜாதியைக் காட்டாது. மற்ற இடங்களில், ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் கடல் தாண்டிய பின் தாங்கள் விரும்பிய பட்டத்தைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அதில் மறைக்கவோ வெட்கப்படவோ எதுவுமில்லை. பேரேட்டில் உள்ளதை உள்ளபடி பதியுங்கள், குடும்பம் வைத்துக்கொண்ட பெயரையும் அதே மரியாதையோடு பதியுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்துகிறவர் இரண்டு தலைமுறையின் உண்மையையும் அழிக்கிறார்.

செவ்வாய், மவுண்ட் எட்ஜ்கூம்ப், வெருலம், டோங்காட்

பட்டியலில் கிடைத்த தோட்டங்களைத் தேடி வடகரைப் பக்கம். டர்பனிலிருந்து டோங்காட் நாற்பது கிலோமீட்டர்தான், ஒரே நாளில் மூன்று இடமும் முடியும். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் எந்த மாஜிஸ்திரேட் வட்டத்தில் பதிவு நடந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். இன்றைய பயணத்தின் பயன் அதுதான். காடாகக் கிடக்கும் பழைய லயன்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, பார்ப்பது மனதுக்கு, ஆவணத்துக்கு அல்ல.

கோயில்கள் வேறு விஷயம். தோட்டத் தொழிலாளர்கள் எழுப்பிய கோயில்களில் கொடையாளர் பெயர் பொறித்த கல் இருக்கிறதா என்று சுவர் சுவராகப் பாருங்கள். எந்தத் தெய்வம் என்பதும் ஒரு தடயம். டர்பனின் கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. அம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த அதன் மூலக்கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. திரௌபதி அம்மனுக்குத் தீமிதிப்பது செஞ்சியைச் சுற்றிய தென்னாற்காடு, வட ஆற்காடு ஊர்களின் வழிபாடு. வீட்டில் அந்த நேர்த்திக்கடன் தொடர்ந்து வந்திருந்தால் தேடலை அந்த ஜில்லாக்களில் தொடங்கலாம்.

கல்லறைக் கற்களில் தமிழ் எழுத்து இருந்தால் கொண்டாட்டம். ஆனால் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கவே கூடாது, கல் அரித்துவிடும். காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலையில் சாய்ந்த வெயிலில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். வெயில் இல்லையென்றால் ஒருவர் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைத் திருப்பலாம். கல்லில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுற்றை நினைவில் கொள்ளுங்கள். விகாரி என்றால் 1899, அல்லது 1959. வருடம் சித்திரையில் பிறப்பதால் விகாரி தை மாதம் என்பது 1900 ஜனவரி மத்தியில் தொடங்கும், 1899 அல்ல. இந்த ஒரு வருடக் கோளாறினால் இறப்புப் பதிவு கிடைக்காமல் போனவர்கள் உண்டு.

புதன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டர்பனிலிருந்து எண்பது கிலோமீட்டர். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். இங்குள்ள ஆவணக் காப்பகத்தில்தான் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் இருக்கின்றன. பட்டியலில் பெயர்தான் கிடைக்கும். மனிதரைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கோப்புகளுக்குத்தான் வர வேண்டும்: முதலாளி அடித்தார் என்ற புகார், தோட்டம் மாற்றிக் கேட்ட மனு, ஊர் திரும்பக் கப்பல் கேட்டது, இறந்தவர் விட்டுச் சென்ற சில பவுன் யாருக்கு என்ற விசாரணை.

வருமுன் நார்ஸ் எனப்படும் தேசிய ஆவண அட்டவணையை இணையத்தில் தேடி முடித்திருக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் இருப்புக்கான தரவுத்தளக் குறி என்ஏபி. அட்டவணையில் ஆவணத்தின் படம் இருக்காது, விலாசம் மட்டும் இருக்கும். மூலம், தொகுதி எண், குறிப்பு எண், தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு ஆகிய ஐந்தையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூலம் என்ற இடத்தில் ஐஐ என்றிருந்தால் இந்தியக் குடியேற்றத் துறை. எம்எஸ்சிஇ என்றிருந்தால் இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் அதிகாரியான உயர் நீதிமன்ற மாஸ்டரின் சொத்துக் கோப்பு. இந்த விவரம் இல்லாமல் வெறும் பெயரைச் சொன்னால் காப்பகத்தார் எதையும் எடுத்துத் தர முடியாது. சில விவரணைகளில் ஆளின் பெயருக்குப் பதில் எண் மட்டுமே இருக்கும். ஆகவே எண்ணையே தேடுசொல்லாகப் போடுங்கள், ஆயிரக் குறியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை.

காப்பகத்துக்குள் பென்சில் மட்டும். பேனா, பை, தண்ணீர் புட்டி வெளியே. படம் எடுக்க அனுமதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிளாஷ் அணைந்திருக்கட்டும். ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் கோப்பின் அட்டை. அட்டை இல்லாத இருபது பக்கம் படங்கள் வீட்டுக்குப் போனபின் எதற்கும் பயன்படாது.

சொத்துக் கோப்பில் இருக்கும் இறப்பு அறிவிப்பு நேட்டால் வம்சாவளித் தேடலின் மிக வளமான தாள். இறப்புச் சான்று வேறு, இது வேறு. சான்றில் இறந்த நாளும் காரணமும் இருக்கும். அறிவிப்பில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், தொழில், மனைவி அல்லது கணவன் பெயர், எல்லாப் பிள்ளைகளின் பெயர், வயது வந்தவரா இல்லையா, சொத்து உண்டா என்பது வரை நெருங்கிய உறவினர் சொல்ல எழுதப்பட்டிருக்கும். திருமணமாகி வேறு பெயருக்குப் போன பெண் பிள்ளைகள் இதில்தான் கிடைப்பார்கள். சொத்தே இல்லாதவருக்கும் சில சமயம் அறிவிப்பு தாக்கலாகியிருக்கும், ஆகவே தாத்தா ஏழை என்று தேடாமல் விடாதீர்கள்.

அதில் பிழை எங்கே வரும் என்றால், சொன்னவருக்குத் தெரிந்த அளவுதான் தாள். தகப்பனின் தகப்பனைப் பார்த்தறியாத மகன் தாத்தா பெயரை ஊகித்துச் சொல்லியிருப்பார். அடியில் கையெழுத்திட்டவர் யார், இறப்பின்போது உடனிருந்தாரா என்று பாருங்கள். பிறந்த இடம் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் உடனே சென்னை நகரத்தில் தேடப் போக வேண்டாம். அது கப்பலேறிய துறைமுகம், அல்லது மாகாணம். எண்ணைக் கொண்டு கப்பல் வரிக்குத் திரும்பினால்தான் உண்மையான ஊர்.

வியாழன், டர்பன்

திருமணப் பதிவுகள். இதில் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால் குழம்பிப்போவோம். நம் முறைப்படி தாலி கட்டிய கல்யாணம் அரசுப் பதிவில் ஏறவில்லை என்றால் சட்டம் அதை ஏற்கவில்லை. 1913இல் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. அந்த அவமானம் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கக் காரணமாயிற்று. 1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் நிலைமையைச் சீராக்கியது, ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் கட்ட வேண்டியிருந்த ஆண்டுக்கு மூன்று பவுன் வரியையும் நீக்கியது. இதன் விளைவு ஆவணங்களில் இப்படித் தெரியும்: ஐந்து பிள்ளை பெற்ற தம்பதி, பேரன் எடுத்த வயதில், பதிவுத் திருமணம் செய்துகொண்டிருப்பார்கள். பதிவு 1920 என்பதால் 1905இல் பிறந்த மகன் வேறு தாய்க்குப் பிறந்தவர் என்று முடிவுகட்டக் கூடாது. திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளையைத் தாயின் பெயரில் பதிந்திருக்கவும் கூடும். பிறப்புப் பதிவு கிடைக்கவில்லையென்றால் தாயின் பெயரில் ஒருமுறை தேடுங்கள்.

தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் சான்று கேட்கும்போது சுருக்கச் சான்று வாங்கினால் பெற்றோர் விவரம் இருக்காது. பதிவேட்டின் மூலப் பக்கத்து நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எண்கள் அதில்தான் இருக்கும். மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பயணத்துக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. காத்திருக்கும் நேரத்தில் பேமிலிசர்ச் தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

டிஎன்ஏ சோதனை பற்றி மாலையில் நீண்ட பேச்சு. எச்சில் குப்பியை அனுப்பினால் ஊர் தெரியுமா என்பதே எல்லார் கேள்வியும். தெரியாது. தமிழ்நாட்டில் சோதித்தவர்கள் குறைவு, ஆகவே கிடைக்கும் உறவுகள் பெரும்பாலும் நேட்டால், மொரீஷியஸ், பிஜி, மலேசியா வாரிசுகளே. பெரிய சிக்கல் வேறு. இரண்டாம் சுற்று உறவினர்களுக்குள், அதாவது கொள்ளுத்தாத்தா ஒருவரானவர்களுக்குள், சராசரியாக 229 சென்டிமார்கன் (டிஎன்ஏ துண்டை அளக்கும் அலகு) பொதுவாக இருக்கும், மூன்றாம் சுற்றில் 73 என்று அட்டவணைகள் சொல்கின்றன. அந்தக் கணக்கு அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டிக்கொள்ளாத சமூகங்களுக்கானது. நம்மிடம் முறைப்பெண் கல்யாணம் தலைமுறைதோறும் நடந்திருப்பதால் தூரத்து உறவும் நெருங்கினதுபோல் எண் காட்டும். மொத்தத்தைப் பார்க்காமல் மிக நீளமான ஒற்றைத் துண்டின் அளவைப் பாருங்கள். மொத்தம் பெரிதாக இருந்து துண்டுகள் எல்லாம் சின்னச் சின்னதாக இருந்தால் உறவு பழையது, பல வழியில் வந்தது.

சனி, சென்னை

ஆவணக் காப்பகத்துக்கு முன் வரைபட வேலை. கப்பல் பட்டியலின் ஜில்லாவை இன்றைய மாவட்டமாக மாற்றாமல் வண்டி ஏறக் கூடாது.

வட ஆற்காடு என்று எழுதியிருந்தால் வேலூர் என்று நினைத்துவிடுகிறோம். 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகர் சித்தூர். சந்திரகிரி, பலமநேர், காளஹஸ்தி, புங்கனூர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே ஊர் ஆந்திரத்தில் இருக்கலாம். அதே 1911இல்தான் திருவண்ணாமலை தென்னாற்காட்டிலிருந்தும் திருப்பத்தூர் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டுக்கு மாறின. பட்டியலில் சேலம் ஜில்லா, திருப்பத்தூர் தாலுகா என்றிருப்பது பிழை இல்லை. திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து திரும்பி வந்தது. பிறகு வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, மிஞ்சிய வேலூரும் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. தென்னாற்காடு 1993இல் கடலூராகவும் விழுப்புரமாகவும் ஆனது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019இல். சேலத்திலிருந்து தர்மபுரி 1965இல், தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல்.

ஜில்லாவும் தாலுகாவும் நின்றுவிட்டால் ஊர். எழுத்தர் எழுதிய ஆங்கிலத்தை மெய்யெழுத்துகளாக மட்டும் சுருக்கிக்கொண்டு, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கிறோம். மேல், கீழ், பெரிய, சின்ன, புது என்ற முன்னொட்டுகளை எழுத்தர் விட்டிருக்கலாம். பாக்கம், பேட்டை, பட்டு, குப்பம், தாங்கல் என்ற பின்னொட்டுகளைக் குறைத்திருக்கலாம். புதூர், நல்லூர் என்று மட்டும் இருந்தால் ஒரே தாலுகாவில் நான்கைந்து தேறும். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். முன்பின் வரிகளை நகலெடுக்கச் சொன்னது இப்போது பயன்படும். அடுத்த எண்காரரின் ஊர் எந்தப் புதூருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை முதலில் போய்ப் பார்க்கலாம்.

வருவாய்ப் பட்டியலில் இல்லாத பெயர் குக்கிராமமாகவோ, ஏரி வந்து காலியான ஊராகவோ, சேரியின் தனிப் பெயராகவோ இருக்கக்கூடும். தாய்க் கிராமத்தின் வரைபடத்தில்தான் அது அகப்படும்.

திங்கள், எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும், வாசலில் வந்து கேட்டு முடிகிற காரியம் இல்லை. இங்கே நாம் பார்ப்பது நிலவரியை மறுபடி நிர்ணயித்தபோது எழுதிய ரீசெட்டில்மெண்ட் பதிவேடுகள், மானிய நிலங்களுக்கான இனாம் பதிவேடுகள். கிராமவாரியாக, சர்வே எண்வாரியாக, பட்டாதாரர் பெயரோடு அச்சிட்டவை. கேட்கும்போது ஜில்லா, தாலுகா, கிராமம், கிராம எண் வேண்டும்.

எதிர்பார்ப்பை இங்கே அடக்கி வைக்க வேண்டும். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லாததால் அவர்கள் அந்த ஊரில் இல்லை என்று ஆகாது. பட்டாதாரர் பெயரில் தகப்பன் பெயர் பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால் பதிவேட்டின் பயன் வேறு: அந்தக் காலத்தில் ஊர் என்ன பெயரில் வழங்கியது, எந்தக் குக்கிராமம் அதில் சேர்ந்திருந்தது என்பது உறுதியாகும்.

செவ்வாய், ஆற்காடு பக்கம்

ஊருக்குள் முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வந்த காரியத்தைச் சொல்லிவிடுவது முறை. பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி 1980இல் ஒழிந்தது, அலுவலரிடம் அதற்கு முந்தைய கணக்குகள் அதிகம் இருக்காது. பழைய கணக்குப்பிள்ளை குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம்.

வெளிநாட்டுக்காரர் முன்னோரைத் தேடி வந்திருக்கிறார் என்றால் நிலத்தில் பங்கு கேட்க வந்தாரோ என்ற அச்சம் நியாயமாகவே எழும். முதல் பேச்சிலேயே ‘நெலத்துக்காக வரலீங்க, பேர் தெரிஞ்சிக்கத்தான் வந்தோம்’ என்று சொல்லிவிடுங்கள். பட்டா, சிட்டா என்ற சொல்லையே முதல் நாள் எடுக்க வேண்டாம். பணம், பரிசு எதையும் யார் வீட்டிலும் முதலில் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டால் அடுத்த வீட்டில் நமக்குப் பிடித்த விடையே கிடைக்கும்.

வயதில் மூத்தவர்களிடம், குறிப்பாக அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே வாக்கப்பட்ட பாட்டிமார்களிடம் கேளுங்கள். நம்மிடம் உள்ள பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்கவே கூடாது. ‘ஆமா, எங்க தாத்தாதான்’ என்று அன்பினாலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் பங்காளி வரிசையை முதலில் முழுவதும் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம். பிறகு, ‘கப்பலுக்குப் போயி திரும்பாதவங்க யாராச்சும் உண்டுங்களா பாட்டி?’ நேட்டால் என்ற பெயர் இங்கே பலருக்குப் பழக்கமில்லை, கப்பல், அக்கரை, கூலிக்குப் போனது என்ற சொற்களே எடுபடும்.

குலதெய்வத்தைக் கேளுங்கள். நேட்டால் வீட்டில் பூஜை அறையில் பெயர் தெரியாமல் வைத்துக் கும்பிடும் தெய்வத்தின் படத்தையோ, படையல் முறையையோ காட்டுங்கள். எந்த நாளில், எந்தப் பொருள் வைத்து, யார் முதலில் படைப்பது என்ற விவரம் பெயரைவிட உறுதியாகத் தங்கும். பழைய வாக்காளர் பட்டியலும் உதவும். தெருவாரியாக, தகப்பன் பெயரோடு இருப்பதால் பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருவதை அதில் பார்க்கலாம்.

ஒப்புக்கொள்ள மூன்று பொருத்தம் கேட்கிறோம்: ஊர், கப்பல் வரியின் தகப்பன் பெயர், இவற்றைச் சாராத இன்னொன்று. அந்த மூன்றாவது குலதெய்வமாக இருக்கலாம், ஊருக்கு வந்த கடிதமாக இருக்கலாம், கப்பலுக்குப் போனவரைப் பற்றி நாம் கேட்காமலே இவர்கள் சொன்ன நினைவாக இருக்கலாம். இரண்டு மட்டும் பொருந்தினால் மரத்தில் புள்ளிக்கோடுதான் போட வேண்டும். கணினி மென்பொருள் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தும். கப்பலேறியவருக்கும் அவருக்கு முந்தியவர்களுக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இன்றைய கோவெண்டரையோ மூட்லியையோ எடுத்து அவர்கள் தலையில் வைக்காதீர்கள். பெயர் கட்டத்தில் பேரேட்டில் உள்ளபடி ஒரு பெயர், மாற்றுப் பெயர் கட்டத்தில் தமிழ் எழுத்தில் சரியான வடிவம், குறிப்பில் குடியேற்ற எண், கப்பல், வந்த நாள்.

மாலையில் நகல்கள் எடுக்கிறோம். கப்பல் வரி, விடுவிப்புச் சீட்டு, இறப்பு அறிவிப்பு, நேட்டால் கிளையின் மரம் ஆகிய நான்கும் தமிழில் எழுதிய விளக்கத்தோடு ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் ஒரு கட்டு. புள்ளிக்கோடு போட்ட வீடுகளுக்கும் உண்டு, ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று முதல் பக்கத்திலேயே எழுதி. பின்பக்கத்தில் காலியாகக் கோடு போட்ட பத்து வரிகள் இருக்கின்றன, வீட்டில் யாருக்காவது ஒரு பெயர் பின்னால் நினைவு வந்தால் எழுதி வைக்க.